கடைசி வாரத்துக் கடப்பா

கும்பகோணம் என்றவுடன் நேயர்களுக்கு மகாமகக் குளமும் கொழுந்து வெற்றிலையும் டிகிரி காப்பியும் நினைவுக்கு வருவது இயல்பே. மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். 2016-இல் வந்தது, இனி 2028-இல் வரும். நாம் சொல்லப் புகுவதோ மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு விசேஷத்தைப் பற்றி. சம்பளக்காரர் வீடுகளில் அதற்குக் கடைசி வாரம் என்று பெயர்.

அத்தகைய வாரமொன்றில், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த அந்நகரில், நம்மைப் போலவே உபாத்தியாயராக இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் போய் இறங்கினோம். மாதக் கடைசியில் விருந்தாளியாகப் போகலாமா என்று கேட்பீர்கள். விடுமுறை நாட்கள் சம்பளத் தேதியைப் பார்த்தா வருகின்றன? வந்தவர்களை வெறும் ரசத்தோடு அனுப்ப அவ்வீட்டாருக்கு மனம் வராது. கடன் வாங்கி விருந்து வைக்கும் வழக்கமும் அங்கே கிடையாது. இவ்விரண்டு பிடிவாதங்களுக்கும் இடையில் நமது இலையில் வந்து அமர்ந்தன, இட்டிலியும் கடப்பாவும்.

கடப்பா என்றதும் ஆந்திரத்து ஊரென்றோ, தரையில் பதிக்கும் கல்லென்றோ எண்ணிவிட வேண்டாம். கும்பகோணத்து இட்டிலிக்கு வாய்த்த துணை அது. பார்வைக்கு வெளிறிய மஞ்சள். வாயிலிட்டால் கல்யாண வீட்டுக் குருமாவின் தோரணை. முந்திரிப் பருப்பைக் கொட்டி அரைத்திருக்கிறார்கள் என்று எவரும் சத்தியம் செய்வர். உள்ளே இருந்ததோ சுமார் 75 கிராம் பயற்றம்பருப்பும் இரண்டு உருளைக்கிழங்குந்தான். ஐந்து பேர் வயிறார உண்டோம்.

இந்த மாயம் எப்படி நிகழ்கிறது என்று அறிய அடுக்களை வாசலில் போய் நின்றோம். “பருப்பைக் கடைந்து கூழாக்கிவிடக் கூடாது, அண்ணா. கிழங்கில் ஒன்றை மசிக்கணும், இன்னொன்றைத் துண்டாகவே விடணும். அவ்வளவுதான் சூட்சுமம்” என்றார் நண்பரின் மனைவியார். அவ்வளவுதானா? மசித்த கிழங்கின் மாவுச் சத்தும் வெந்த பருப்பும் சேர்ந்து குழம்புக்கு உடம்பைத் தருகின்றன. முழுத் துண்டுகள் பல்லுக்கு வேலை தருகின்றன. பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை மூன்றையும் இரண்டே கரண்டி எண்ணெயில் முதலிலேயே பொரிக்கிறார். அவற்றின் மணம் எண்ணெயில் இறங்குவது போலத் தண்ணீரில் இறங்குவதில்லை. வெங்காயம் வதங்கியபின் பருப்பும் கிழங்கும் சேர்கின்றன. கால் மூடித் தேங்காய், ஐந்து பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, அரைக் கரண்டி சோம்பு, ஒரு பிடி பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்த விழுது கடைசியில்தான் சேருகிறது. பச்சை வாசனை போனவுடன் அடுப்பை அணைத்துவிடுகிறார். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகே.

கசகசா சேர்ப்பதும் உண்டு. இன்று அது விற்கும் விலையில் அதைத் தேடிப் போவானேன்? பொட்டுக்கடலையே அந்தக் கெட்டித் தன்மையைக் கொடுத்துவிடுகிறது. சுவையில் ஒரு நூலளவு வித்தியாசம் இருக்கலாம். நமது நாவுக்கு அது எட்டவில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். ‘சிக்கனச் சமையல்’ என்று ஆண்பிள்ளைகள் மார்தட்டும்போது, தேங்காய் துருவும் கையும் வெங்காயம் உரிக்கும் கண்ணும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அம்மியில் அரைத்த நாட்களில் இந்தக் கடப்பாவின் விலையில் பாதியைத் தோள்பட்டையே கொடுத்திருக்கும். நமது நண்பர் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே பேசியதைக் கண்டு மகிழ்ந்தோம். அவர் உரித்ததில் கிழங்கு சற்று இளைத்தது வேறு விஷயம்.

மாலையில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் நடந்தோம். கணிதமேதை ராமாநுஜன் வளர்ந்த வீடு அங்கேதான் நினைவில்லமாக இருக்கிறது. அவர் தந்தையார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கடைசி வாரத்தை அந்தச் சிறிய வீடும் எத்தனையோ முறை கண்டிருக்கும்! அப்பால் கடைத்தெருவில், விளக்கு வைத்தபின் காய்கறிகளைக் கூறு கட்டி விற்கிறார்கள். காலையில் எடை போட்டு விற்ற அதே கத்தரிக்காய்தான். பொழுது சாய்ந்தால் தராசு ஓய்ந்து, விலையும் இறங்குகிறது. “கடைசிக் கூறு சார், எடுத்துட்டுப் போங்க” என்றாள் ஒரு மூதாட்டி. இருபது ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் இருந்தது.

மறுநாள் ரயிலில் மாயவரம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து சிதம்பரம் செல்வதாக ஏற்பாடு. சிதம்பரத்தில் நடராஜப் பெருமானுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் நிவேதனம் என்பதை நேயர்கள் அறிவார்கள். மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சாதம். அதன் பக்கத்தில் புளியில் வெந்த கத்தரிக்காய். கொத்சுவில் தேங்காயே கிடையாது. கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் இவற்றை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதங்கிய காயின்மேல் தூவுவார்கள். தேங்காய் விலை ஏறும் மாதங்களில் கடப்பாவை விட்டு இதற்குத் தாவிவிடலாம் என்பது நண்பரின் மனைவியார் கண்ட உபாயம். அன்றிரவே அந்தக் கூற்றுக் கத்தரிக்காயைக் கொத்சுவாக்கி, வழிக்கு இட்டிலியோடு கட்டிக் கொடுத்துவிட்டார். ஓரிரவு ஊறிய கொத்சு, புளியும் காரமும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று கலந்து, அடுப்பிலிருந்து இறக்கியபோது இருந்ததைவிடச் சுவை ஏறியிருந்தது. சீர்காழி வருவதற்குள் பொட்டலம் காலி.