முதுகுக்குப் பின்னால் எஞ்சின்

மாட்டுங்காவில் காப்பி குடித்துவிட்டு நடந்தே தாராவிக்குப் போனேன். தொண்ணூறடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து, செங்குத்தான இரும்பு ஏணி, மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. நடுவில் ஒரு கார் சீட், தோல் உரிந்து வெறும் ஸ்பாஞ்சாக நின்றது.

"அவந்தி வண்டியோடது" என்றார் சீட்டுக்குத் தோலுறை தைக்கும் அண்ணாச்சி. செம்பூர்க்காரர் ஒருவருக்குக் கறுப்பு அலுத்துவிட்டதாம். செங்கல் நிறம் கேட்டிருக்கிறார்.

மும்பையில் 1993இல் டிசி டிசைனைத் தொடங்கிய திலீப் சாப்ரியா, 2012 டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டிய கார் அவந்தி. ரெனோவின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் பானெட்டுக்குள் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் கிடக்கிறது. நிறைகுடத்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள், பிறகு இடுப்பில் ஒட்டி வைத்துத் திரும்புங்கள். வளைவில் இந்த வண்டிக்குக் கிடைக்கும் சௌகரியம் இரண்டாவது வகை.

ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஷுல்ஸின் ஈஸ்டெரா கம்பெனி 1984 முதல் 1993 வரை இம்பெரேட்டர் என்ற, இதே மாதிரி நடுவில் எஞ்சின் வைத்த காரைச் செய்தது. மொத்தமே சுமார் 30 வண்டிகள். எஞ்சின் மெர்சிடிஸுடையது. ஆல்டன்பர்க்கில் கும்பெர்ட் செய்த அப்பல்லோவுக்கு அவுடி எஞ்சின். சின்னக் கம்பெனிக்கு எஞ்சின் பெரும்பாலும் இரவல்தான். சொந்தக் கைவேலையைத் தேடுகிறவன் பானெட்டைத் திறந்து பயனில்லை, இருக்கையில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் நான் ஏணி ஏறியது.

பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, சாக்பீஸால் எண் போட்டு, தட்டையாக விரித்திருந்தார். அதுவே பேட்டர்ன். புதுத் தோலைத் தரையில் போட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார்.

"முதுகு படுத எடத்துக்கு முதுகுத் தோலுதான் போடணும். வயித்துத் தோலு இழுவும், ஆறு மாசத்துல தொங்கிரும். அத கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல வைப்போம். பாத்தியளா?"

ஓரங்களைக் கத்தியால் சீவினார். சீவாவிட்டால் மடிப்பு தடித்து, உட்காருபவரின் தொடையை உறுத்துமாம். மற்ற கார்களில் சீட்டைச் சாய்த்துத் தப்பிக்கலாம். இதில் பின்னாலேயே சுவர், சுவருக்குப் பின்னால் எஞ்சின். ஸ்பாஞ்ச் அரை அங்குலம் கூடினாலும் தலை கூரையைத் தொடும்.

திருநெல்வேலிக்காரர்கள் இங்கே தோல் பதனிட வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவர்கள் கட்டிய பெரிய மசூதிக்கு வயது 1887இலிருந்து எண்ண வேண்டும். ஆடுமாடு அறுக்கும் கூடம் 1971இல் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பெரும்பாலும் போய்விட்டன. பச்சைத் தோல் உப்புப் போட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகும். பதமாகித் திரும்பி வரும். 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை அறுக்கவும் தடை வந்த பிறகு எருமைத் தோலும் ஆட்டுத் தோலுந்தான் மிச்சம். மனிதர்களைவிட அதிகம் ஊருக்குப் போய் வந்தவை தோல்கள்தான் என்று தோன்றியது. அண்ணாச்சி ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது.

மாலையில் உறை ஏறியது. ஹீட் கன்னால் சூடு காட்டி, இழுத்து, இடுக்கியால் ரிங் மாட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். எனக்கு ஒரு சுருக்கமும் தெரியவில்லை.

செம்பூரிலிருந்து போன் வந்தது. "நாளைக்கு, சேட்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, மாட்டிய ரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.