கொண்டை ஊசி வளைவும் ஒரு பை மாத்திரையும்

ஏற்காடுன்னதும் உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஏரி, படகு, மே மாசக் கோடை விழா, லேடீஸ் சீட்ல நின்னு ராத்திரியில சேலத்து விளக்குகளைப் பார்க்கிறது. அது சுத்திப் பார்க்க வர்றவங்களோட ஏற்காடு. அங்கேயே இருந்து வயசானவங்களோட ஏற்காடு வேற. சுமார் 1,500 மீட்டர் உயரத்துல சமதரைங்கிறதே அபூர்வம். வீட்டுக்கு இறங்கப் படி, கடைக்குப் போக மேடு, மழைக்காலத்துல பாசி பிடிச்ச கல்லு, காலையில பத்தடி தள்ளி ஒண்ணும் தெரியாத பனி. பழைய வீடா இருந்தா கழிவறை வெளியில. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் குளிர்ல எழுந்து போகணும்.

இப்படிப்பட்ட ஊர்ல ஒரு பெரியவர் கீழ விழுந்துட்டா நாம என்ன சொல்வோம்? "படி வழுக்கிருச்சு." இல்லேன்னா, "வயசாயிருச்சுல்ல." நான் சொல்ல வர்றது ஒண்ணுதான் மக்களே. படியையும் வயசையும் குறை சொல்றதுக்கு முன்னாடி அவரோட மாத்திரைப் பையைத் திறந்து பாருங்க. அதைப் பார்த்துப் புரிஞ்சுக்கத் தெரிஞ்ச ஆள் நம்ம தெருமுனையிலேயே இருக்கார். மருந்துக்கடை பார்மசிஸ்ட்.

விழறதெல்லாம் ஒரு மேட்டரான்னு நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழ விழுந்து சாகறாங்க. தற்செயலான காயங்களால வர்ற சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதுல 80 சதவீதத்துக்கு மேல நம்மளை மாதிரி நடுத்தர, ஏழை நாடுகள்ல. உசுரு போறது அதிகமா 60 வயசைத் தாண்டினவங்களுக்கு. ஏற்காட்டுல இடுப்பெலும்பு முறிஞ்சா அந்த வலியோட 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஆபரேஷன் முடிஞ்சு மலையேறி வந்தாலும் பழையபடி மேட்டுல நடக்கிறவங்க கம்மிதான்.

சரி, மாத்திரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன். காபி எஸ்டேட்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயசு 74. பிரஷருக்கு ஒரு டாக்டர் அம்லோடிபின் மாத்திரையும் நீர் பிரியற மாத்திரையும் எழுதியிருந்தார். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் டாம்சுலோசின் குடுத்தார். தூக்கம் வரலைன்னு மூணாவது ஒருத்தர்கிட்ட போய் அல்ப்ரசோலம். மூணு பேரும் சேலத்துல, மூணு தெருவுல. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. இதுக்கு மேல குளிர் ஊராச்சே, மூக்கு ஒழுகினா கடையில அவரே கேட்டு வாங்கிப் போடற குளோர்பெனிரமின்.

ஒரு மாசத்துல ரெண்டு தடவை விழுந்தார். ரெண்டும் ராத்திரி. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போட போச்சு.

களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனோம். பார்மசிஸ்ட் ஒரு சின்னப் பொண்ணு. களிம்பைக் குடுத்துட்டு, "தாத்தா, எப்படி விழுந்தீங்க? எந்திரிச்ச உடனேயா, நடந்து போறப்பவா?"ன்னு கேட்டுச்சு. அதுவரைக்கும் அப்படி யாருமே கேட்கலை. "எந்திரிச்சதும் கண்ணு இருட்டிட்டு வருது பாப்பா"ன்னார். "வீட்ல இருக்கிற மாத்திரை அத்தனையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, தீர்ந்த அட்டையும் சேர்த்து"ன்னு சொல்லி அனுப்புச்சு.

பையைக் கொட்டிப் பார்த்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. நீர் மாத்திரையைக் காலையில போடச் சொல்லித்தான் சீட்டு. இவர் சேலம் போற நாள்ல மலைப்பாதையில பஸ்ஸை நிறுத்த முடியாதேன்னு ராத்திரிக்கு மாத்தியிருக்கார். அதுவே பழக்கமாயிருச்சு. ராத்திரி நீர் மாத்திரை எழுப்பி விடுது. தூக்க மாத்திரை மயக்கத்துல வச்சிருக்கு. பிரஷர் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை ரெண்டும் சேர்ந்து, எழுந்து நிக்கிறப்ப ரத்த அழுத்தத்தை இறக்குது. சளி மாத்திரை தூக்கத்தைக் கூட்டறதோட, ப்ராஸ்டேட்காரங்களுக்கு மூத்திரத்தையும் அடைக்கும். தனித்தனியா எல்லாம் நல்ல மருந்து. சேர்ந்தா ஆளைத் தள்ளி விடுது!

அந்தப் பொண்ணு எந்த மாத்திரையையும் தானா நிறுத்தலை. அதுதான் எனக்குப் பிடிச்சது. "தூக்க மாத்திரையை நீங்களா பட்டுனு நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு"ன்னு சொல்லிட்டு, ஒரு தாள்ல எல்லா மருந்தையும் நேரத்தோட எழுதி, விழுந்த விவரத்தையும் சேர்த்து, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுச்சு. டாக்டர் தூக்க மாத்திரையைப் படிப்படியா குறைச்சார், நீர் மாத்திரையைக் காலைக்கே திருப்பினார், சளி மாத்திரை கூடாதுன்னார். அதுக்கப்புறம் பெரியப்பா விழலை. மாத்திரை மாத்தினதாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கண்ணு இருட்டறது நின்னுருச்சுன்னு அவரே சொல்றார்.

அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல மாதிரின்னு சொல்லி நாம நகர்ந்துடறோம். உண்மையில அது அவங்க வேலை. 2015-ல வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறை விதிகள்லயே, எப்படிச் சாப்பிடணும், என்ன பக்கவிளைவு, எதோட சேரக்கூடாது, ஒரு வேளை விட்டுப்போனா என்ன பண்ணணும்னு நோயாளிக்கு எடுத்துச் சொல்லணும்னு இருக்கு. அல்ப்ரசோலம் மாதிரி மருந்தெல்லாம் 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டுல எழுதணும். நடைமுறையில? பல கடையில பார்மசிஸ்ட்டோட சர்டிபிகேட் மட்டும் சுவத்துல தொங்கும், ஆள் இருக்க மாட்டார். நாமளும் "சீக்கிரம் குடுப்பா, பஸ்ஸு போயிரும்"னு நிக்கிறோம்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினப்ப, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வர ஆரம்பிச்சது. மலை கிராமத்துப் பெரியவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு படியேறினவங்களுக்குத் தெரியும். ஆனா வாசலுக்கு வர்ற மாத்திரை, சேலத்து டாக்டர் மாத்திரை, கடையில கேட்டு வாங்கற மாத்திரைன்னு மூணு வழியில வர்றப்ப, மூணையும் ஒரே மேசையில வச்சுப் பார்க்க ஒரு ஆள் வேணும்ல?

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பலகாரத்தோட இந்த வேலையையும் வச்சுக்கங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு, பெரியவங்களையும் கூட்டிட்டு, கூட்டம் இல்லாத மத்தியான நேரமா பார்மசிஸ்ட்கிட்ட போங்க. நாலே கேள்வி: இதுல எது தூக்கம் வர வைக்கும்? எது எழுந்ததும் தலை சுத்த வைக்கும்? எதை எந்த நேரம் போடணும்? எதைப் பத்தி டாக்டர்கிட்ட மறுபடி கேட்கணும்? சுகர் மாத்திரை போடறவங்களா இருந்தா, சாப்பாடு தள்ளிப்போனா என்ன பண்றதுன்னு அஞ்சாவதா ஒண்ணு.

பத்து நிமிஷ வேலை. காசு ஒண்ணும் கேட்க மாட்டாங்க :-)

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, பார்மசிஸ்ட்டும் இல்லை. இதைப் படிச்சிட்டு யாரும் எந்த மாத்திரையையும் தானா நிறுத்திடாதீங்க சாமிகளா!