கோழிக்கு ஒரு சட்டி

முற்றத்தில் நாலு கோழி வளர்க்க விரும்புவோர் முதலிற் கூட்டைப்பற்றி யோசிப்பர். பின்னர் நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா என்று விவாதிப்பர். தீனும் தண்ணீரும் வைக்கும் பாத்திரத்தைப்பற்றி யோசிப்போர் அரியர். வீட்டில் உடைந்ததும் நசுங்கியதும் எதுவோ அதுவே கோழிக்குரியது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. நாமும் அச்சட்டத்துக்கு அடங்கி நடந்தவர்களே.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு முட்டையின் விலை 50 ரூபாயைத் தாண்டியபோது, யாழ்ப்பாணத்திலுள்ள எமது வளவில் ஒரு தாய்க்கோழியையும் அதன் எட்டுக் குஞ்சுகளையும் வாங்கி விட்டோம். பேர்த்தி ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒவ்வொரு பெயர் சூட்டினாள். குசினி மூலையிற் கிடந்த அகன்ற அலுமினியச் சட்டியொன்றில் தண்ணீரை நிறைய வார்த்து வைத்தோம். நிறைய வைத்தால் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்பது எமது எண்ணம். மறுநாட் காலையில் இரண்டு குஞ்சுகள் அச்சட்டியில் மிதந்தன.

“அம்மம்மா, தண்ணி வைச்சது நாங்கள்தானே?” என்று பேர்த்தி கேட்டாள். பருந்தின்மீதோ கீரியின்மீதோ பழியைப் போட வழியில்லை. நாம் மறுமொழி சொல்லவில்லை.

பக்கத்து வளவு ஆச்சி வேலியோரம் வந்து பார்த்தார். “குஞ்சுக்குச் சிரட்டையளவு தண்ணி காணும், பிள்ளை. சட்டிதான் வேணுமெண்டால் கல்லுப் போட்டு நிரப்பி வை. கால் நனையலாம், நெஞ்சு நனையப்படாது” என்றார். அன்றே கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டியை நிரப்பினோம். அதன்பின் ஒரு குஞ்சும் தண்ணீரில் மாளவில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. சேவல்கள் இரண்டை உறவினருக்குக் கொடுத்தபின், தாயுடன் ஐந்து பேடுகள் எஞ்சின. முட்டையிடும் பேடொன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். அதனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயிற்காலத்தில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். முட்டையின் எடையில் பெரும்பகுதி தண்ணீரே. ஆகவே ஒரு நாள் தண்ணீர் தவறினும் அதன் பலன் முட்டையிலே தெரியும்.

இதனை அறிந்து, பட்டினத்துக் கடையொன்றில், கோழி அலகால் தட்டியதும் துளி துளியாக நீர் சொட்டும் குழாய் வாங்கிப் பொருத்தினோம். அழுக்குப் படாத நல்ல சாதனமே அது. ஆனால் சுண்ணாம்புக் கற்பாறையூடு ஊறிவரும் எமது கிணற்று நீருக்கு அது தோற்றுப்போயிற்று. சுண்ணாம்பு படிந்து முனை அடைபட்டது. வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தமையால் நாம் ஐயுறவில்லை. சித்திரை வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து இளைப்பதைப் பிற்பகலிலேதான் கண்டோம். மீண்டும் அதே பிழை! பார்க்காமல் இருப்பதற்காகவே இதையும் வாங்கியிருந்தோம்.

இப்போது எம்மிடம் இருப்பது கவிழ்த்து வைக்கும் சாடி. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றும் ஆழமற்ற தட்டு ஒன்றும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். போத்தலின் வாயருகே ஒரு துளையிட்டு, நீர் நிரப்பி, தட்டிலே கவிழ்க்க வேண்டும். தட்டின் நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கும்போது காற்று உள்ளே புக, நீர் வெளியே வரும். துளை மூடப்பட்டதும் நின்றுவிடும். துளை, தட்டின் விளிம்பிலும் சற்றுத் தாழ இருத்தல் அவசியம். உயர்ந்தால் நீர் வழிந்தோடிவிடும். நாள்தோறும் நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுகின்றோம். டெங்கு நுளம்பு பாத்திரத்தின் சுவரிலேதான் முட்டைகளை ஒட்டி வைக்கும் என்பதால், நீரை மாற்றுவது மட்டும் போதாது.

தீனின் கதை வேறு. கோழிக்குக் கிளறாமல் தின்னத் தெரியாது. தரையிலே தட்டை வைத்து, ஒரு வாரம் சிந்தியதைக் கூட்டி நிறுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 800 கிராம்! எம்மிடம் இல்லாத ஆறாவது கோழி ஒன்றுக்கும் அல்லவா தீன் போட்டுக்கொண்டிருந்தோம்! பின்னர் ஒரு வாளியின் அடியிற் துளைகளிட்டு, அகன்ற தட்டொன்றை அதன்கீழ்ப் பொருத்தி, கொட்டிலின் வளையிலே கயிற்றால் தொங்கவிட்டோம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் நிற்க வேண்டும். கோழி வளர வளரக் கயிற்றையும் உயர்த்த வேண்டும். தட்டில் தீன் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிற்றலாகாது. இத்தனையும் செய்தபின் சிந்துவது ஒரு கைப்பிடியளவுக்குக் குறைந்தது.

மழைச்சாரல் படும் இடத்தில் தீனை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அது கோழிக்கு நஞ்சு. இரவில் வெளியே விட்டாலோ எலி வரும். எலியின் பின்னே எலிக்காய்ச்சலும் வரக்கூடும். ஆதலால் பொழுது சாயுமுன் வாளியைக் கழற்றி மூடி வைத்துவிடுகின்றோம்.

விலை கூடியதா, குறைந்ததா என்பதன்று. தினமும் எம்மைக் கோழியண்டை அழைப்பதே நல்ல பாத்திரம் என்று எமக்குத் தோன்றுகின்றது.

சாடியைக் கழுவும் வேலையைப் பேர்த்தி தானே ஏற்றுக்கொண்டாள். பாடசாலைக்குப் புறப்படுமுன் அதை முடித்துவிடுவாள். அன்றொருநாள் அவள் பழைய கூழாங்கற்களையும் கழுவி வெயிலிற் பரப்பியிருந்தாள். “கோழியெல்லாம் பெரிசாகிவிட்டுதே, கல் ஏன் மேனை?” என்று கேட்டோம்.

“கறுப்பி அடைகிடக்குது, அம்மம்மா” என்றாள்.