ஜூனியரின் சக்கரம்

1/ சித்திரை மதியத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே பாருங்க. பருந்து இறக்கையை அடிக்காமலே வட்டமடித்து உயரே போகும். சூடான தரையிலிருந்து எழும் காற்று அதைத் தூக்குது. இன்ஜின் இல்லாத கிளைடர் விமானமும் இப்படித்தான் ஏறும்.

2/ கிளைடர் கத்துக்கிறவங்க முதலில் இரண்டு இருக்கை விமானத்தில், பின்னால் ஆசிரியரோடு பறப்பாங்க. ஒருநாள் ஆசிரியர் இல்லாம தனியா போகணும். அந்தக் கட்டத்தில் இருப்பவங்களுக்காகவே போலந்தில் ஒரு கிளைடர் செய்தாங்க: எஸ்.இசட்.டி-51 ஜூனியர். முதலில் பறந்தது 1980 டிசம்பர் 31.

3/ ஃபைபர் கிளாஸ் உடம்பு, 15 மீட்டர் இறக்கை, ஒரே இருக்கை. காற்று அமைதியா இருந்தா, 1 கி.மீ. உயரத்திலிருந்து சுமார் 35 கி.மீ. சறுக்கும். அதாவது திண்டுக்கல்லுக்கு மேலே விட்டா, கணக்குப்படி ஒட்டன்சத்திரம் தாண்டிடலாம்.

4/ எனக்குப் பிடிச்சது அதோட சக்கரம். பல கிளைடர்களில் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கலாம். காற்றுத் தடை குறையும். ஆனா இறங்கும் முன் மறக்காம வெளியே விடணும். ஜூனியரில் சக்கரம் எப்பவும் வெளியேதான். வேகம் கொஞ்சம் போகும், மறக்க எதுவும் இருக்காது.

5/ ஏன் முக்கியம்? கிளைடரில் பைலட் தரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பார். சக்கரம் இல்லாம வயிற்றுப்பகுதி ஓங்கித் தரையில் மோதினா, அதிர்ச்சி நேரா முதுகெலும்புக்குப் போகும். எலும்பு நசுங்கலாம்.

6/ மருத்துவத்திலும் இது உண்டு. மயக்க மருந்து மெஷினில் சிலிண்டர் மாட்டும் இடத்தில் சின்ன ஊசிகள் இருக்கும். வாயுவுக்கு வாயு அவற்றின் இடம் மாறும். ஆக்சிஜன் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் உட்காராது. எவ்வளவு சீனியரா இருந்தாலும் இதை அவமானமா நினைக்கிறதில்லை.

7/ ஆனா முதல் முறை தனியா நைட் டூட்டி பார்க்கும் இளம் டாக்டருக்கு நாம கொடுப்பது "கவனமா இரு தம்பி" மட்டும்தான். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரே தட்டில் இருந்துச்சு. பொட்டாசியத்தை நீர்க்காம நேரா நரம்பில் போட்டா இதயம் நின்னுடும். சிஸ்டர்கிட்ட சொல்லி, அதைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

8/ இரவு மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் கை தவறும். சீனியர்களே, இன்னைக்கு ரவுண்ட்ஸ் முடிச்சதும் உங்க வார்டு மருந்துத் தட்டை ஒரு தடவை பாருங்க.