பாஸ் ஆகாமலே பாஸ் அவுட்

தடாவில் நெடுஞ்சாலையோரத்து ஜெராக்ஸ் கடையொன்றில், ஆரம்பாக்கத்து இளைஞர் ஒருவர் வேலைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஸ்ரீசிட்டி ஆலையொன்றின் படிவம் அது. ‘பாஸ் அவுட் ஆன ஆண்டு’ என்று ஆங்கிலத்தில் கேட்ட கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பொறியியலின் நான்கு ஆண்டுகள் 2021இல் முடிந்தன. கணித அரியர் தீர்ந்ததோ 2023இல்.

ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் இத்தொடருக்கு மயங்கி விழுதல் என்பதே முதற்பொருள். படைப்பயிற்சியை முடித்து வெளியேறுதல் என்பது மற்றொன்று. சென்னைப் பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் நிறைவு அணிவகுப்புக்கு இன்றும் இதே பெயர்தான். இந்திய ஆங்கிலமோ கல்லூரியை முடிப்பதற்கும் இதையே வழங்குகிறது. அதைப் பிழையென்று சிரிக்கும் ஆங்கில ஆசிரியர்கள் உண்டு. அச்சிரிப்பு அவசரமானது, பொருள் கல்லூரிக்கு நீண்டதில் வியப்பில்லை.

வியப்பு தமிழ் அதற்குச் சேர்த்த துணைவினையில் இருக்கிறது. தேர்வை ஒருவர் ‘பாஸ் பண்ணுவார்’; ‘பாஸ் ஆவார்’ என்பதும் உண்டு. ‘பாஸ் அவுட்’ என்றதும் பெரும்பாலும் ‘ஆனார்’ மட்டுமே வருகிறது. எல்லைக்கு அப்பால் தெலுங்கும் தன் ‘அவ்வு’ என்னும் வினையைச் சேர்த்து அதையே செய்கிறது. முன்னதில் உழைப்பவர் தெரிகிறார். பின்னதில் காலம் ஆளை வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. எனவேதான் பாஸ் ஆகாமலே பாஸ் அவுட் ஆகவும் முடிகிறது. ‘தேறினார்’, ‘வெளியேறினார்’ என்ற இரு தமிழ்ச் சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியை இந்த ஒரு தொடர் மறைத்துவிடுகிறது. உறவினரிடம் பேசும்போது அம்மறைப்பு பெரிய உதவி. அந்த இளைஞரின் வீட்டில் அது இரண்டு ஆண்டுகள் உதவியது.

படிவம் அவ்வாறு உதவுவதில்லை. 2021 என எழுதினால் பட்டச் சான்றிதழ் மறுக்கும். 2023 என எழுதினால் நேர்காணலில் இடையிலிருந்த இரண்டு ஆண்டுகளைக் கேட்பார்கள்.

“எப்ப பாஸ் அவுட் ஆனீங்க, தம்பி?” என்று கடைக்காரர் இயல்பாகத்தான் கேட்டார்.

இளைஞர் 2023 என்று எழுதினார். பிறகு, இடமே இல்லாத அக்கட்டத்தின் ஓரத்தில், ‘படித்த காலம் 2017–2021’ என்று பொடி எழுத்தில் சேர்த்தார்.