பாயசமும் பைலட்டும்

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள், சகோதரிகளே? ஜன்னல் ஓரம் எட்டிப் பார்ப்பீர்கள். நானோ பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள். இத்தனைக்கும் என் அக்காள் பிள்ளையே உதவி பைலட்!

தீபாவளிக்கு அவன் வந்திருந்தபோது, "ஏண்டா, இப்போதெல்லாம் விமானம் தானாகவே பறக்கிறதாமே? நீங்கள் இரண்டு பேரும் உள்ளே காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுதான் சித்தி, எங்களுக்கும் கவலை" என்றான் அவன், சிரிக்காமல்.

கிளம்பும்போது சில நிமிஷம், இறங்கும்போது சில நிமிஷம்தான் கையால் ஓட்டுகிறார்களாம். நடுவில் மணிக்கணக்காக ஆட்டோபைலட். அதற்குக் களைப்பே கிடையாது. ஆனால் நடுவானில் அது திடீரென்று கைவிட்டால்?

அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2009 ஜூன் 1-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே, கும்மிருட்டில், 35,000 அடி உயரம். கேப்டன் சற்று முன்புதான் ஓய்வெடுக்கப் போயிருந்தார். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்துவிட்டது. வேகம் தெரியாமல் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. கையால் ஓட்டத் தொடங்கிய உதவி விமானி விமானத்தின் மூக்கை மேலே தூக்கினார். மேலும் தூக்கினார். இறக்கைகள் காற்றின் பிடியை இழந்தன. அந்த நிலையில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். அவரோ பெரும்பாலும் தூக்கிக்கொண்டேதான் இருந்தார். அந்த ரக விமானத்தில் ஒருவர் பிடியை இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. கேப்டன் ஓடிவந்து பார்த்தும் விளங்கவில்லை. நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

"குழாய் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது, சித்தி" என்றான். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது.

அமெரிக்க விமானத் துறை 2013-இல், நிலைமை ஏற்றதாக இருக்கும்போது பைலட்டுகளைக் கையால் ஓட்டவிடுங்கள் என்று கம்பெனிகளுக்கு எழுதியதாம். அம்மியை மறந்து மிக்ஸியோடு வாழ்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

"கை மட்டும் பழகினால் போதாது. வாயும் பழக வேண்டும்" என்று அடுத்ததற்குப் போனான். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரின் மேல் ஒரு விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டது. சக்கரம் சரியாக இறங்கியதா என்று கேப்டனுக்குச் சந்தேகம். எரிபொருள் குறைவது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் சொன்னார்கள்; அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு வருஷப் பிறப்பன்று, சேமியாப் பாயசத்துக்குச் சர்க்கரை என்று அவர் உப்பு ஜாடியை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "அம்மா, அந்த ஜாடி..." என்று இழுத்தேன். "என்ன?" என்று திரும்பினார். "ஒன்றுமில்லை" என்றேன்! பதினெட்டு இலைகளில் அந்தப் பாயசம் விழுந்தது. என் வீட்டில் பாயசம்தான் போயிற்று.

போர்ட்லண்டில் விழுந்த விமானத்தின் கம்பெனியே 1981-இல், சிறியவர் துணிந்து சொல்லவும் பெரியவர் காதுகொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அதன் பலன் 1989 ஜூலை 19-ஆம் தேதி தெரிந்தது. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன அவர்களுடைய விமானத்தில் வால் பக்கத்து இஞ்சின் வெடித்து, திசை திருப்பும் சாதனம் எதுவுமே இயங்காமல் போயிற்று. கேப்டன் ஆல் ஹேன்ஸ் முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி, உதவட்டுமா என்று பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். 'இங்கே நான்தான் கேப்டன்' என்று ஹேன்ஸ் சொல்லவில்லை; உடனே உள்ளே வரச் சொன்னார். மிஞ்சிய இரண்டு இஞ்சின்களையும் கூட்டிக் குறைத்தே, நாலு பேருமாக விமானத்தைச் சூ நகரத்து ஓடுபாதைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையில் மோதிச் சிதறியது, உண்மை. 112 பேர் மாண்டார்கள். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள்.

போன மாதம் நான் டில்லிக்குப் போன விமானத்தில் அவனே உதவி பைலட். தெளிந்த வானம். கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது 'தம்' என்று ஒரு குலுக்கல். முன் வரிசைக் குழந்தை வீரிட்டது.

வெளியே வந்ததும், "இன்றைக்கு இறக்கினது நீயா, உன் கேப்டனா?" என்று கேட்டேன்.

"நான்தான் சித்தி. சீக்கிரமே ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். ரொம்பக் குலுங்கிற்றோ?"

இந்தத் தடவை நான் மென்று விழுங்கவில்லை. "குலுங்கிற்றுடா!" என்றேன்.

"அவரும் அதைத்தான் சொன்னார்" என்று சொல்லி என் பெட்டியை வாங்கிக்கொண்டான்.