வாயில்லாத ஓட்டக்காரன்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறவர்கள் ஹாலிவுட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒரு காலைப் பொழுதை ஸான்டா அனிட்டாவுக்கும் ஒதுக்கலாம். நகரத்திலிருந்து சுமார் 15 மைல் தூரத்தில், ஸான் காப்ரியேல் மலையடிவாரத்தில் இருக்கும் குதிரைப் பந்தய மைதானம் அது. 1934-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று திறந்தார்கள்.

பந்தயம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! பணம் கட்டச் சொல்லவில்லை. மலை உச்சியில் வெயில் ஏறும் நேரத்தில் குதிரைகள் பயிற்சிக்கு வரும். காபியைக் குடித்துக்கொண்டே பார்க்கலாம். பட்டாக மின்னும் மேனி. மூங்கில் கழி போன்ற கால்கள். 1000 ராத்தல் உடம்பை அந்தக் கால்கள் எப்படித்தான் தாங்குகின்றனவோ!

எப்போதும் தாங்குவதில்லை என்பதுதான் துக்கம். 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை இங்கே 30 குதிரைகள் மாண்டன. மார்ச்சில் சில வாரங்கள் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

"திடீரென்று கால் ஒடிந்துவிட்டது" என்பார்கள் பார்த்தவர்கள். மிருக வைத்தியர்கள் சொல்வது வேறு. கால் முறிந்து மாண்ட குதிரைகளின் எலும்புகளை ஆராய்ந்ததில், பெரும்பாலானவற்றில் பழைய சேதம் இருந்தது. ஓடி ஓடிக் குளம்புக்கு மேலுள்ள மூட்டெலும்பு நைந்து போகிறது. ஓய்வு கிடைத்தால் தேறும். கிடைக்காவிட்டால் ஒரு நாள் முறியும். பல சமயம் எக்ஸ்-ரேயிலும் தெரியாது. கைக்குழந்தையாவது அழுது காட்டும். குதிரை அதுவும் செய்யாது.

மனிதர்களுக்குச் செய்யும் 'பெட் ஸ்கேன்' இங்கேதான் கைகொடுத்தது. முன்பெல்லாம் குதிரையை மயக்கிப் படுக்க வைத்தால்தான் அந்தப் படம் எடுக்க முடியும். மயக்கம் தெளிந்து தள்ளாடி எழும்போதே கால் முறிகிற அபாயம் உண்டு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை வைத்தியர்களின் ஆராய்ச்சியால், குதிரையை நிற்க வைத்தே படமெடுக்கும் கருவி 2019 டிசம்பரில் இங்கே வந்தது. ஊசியில் செலுத்தும் கதிரியக்க மருந்து எலும்பில் பழுது நடக்கும் இடத்தில் அதிகம் சேரும். படத்தில் அந்த இடம் பளிச்சிடும். காலைச் சுற்றியிருக்கும் வளையம், குதிரை மிரண்டால் சட்டென்று திறந்துகொள்ளும்.

ஆனால் கருவி காட்டத்தான் செய்யும். வரப்போகும் பரிசை விட்டுவிட்டுக் குதிரையை லாயத்தில் நிறுத்த, எஜமானருக்கு மனம் வேண்டுமே!

அப்படி மனம் இருந்ததற்குச் சாட்சியாக, மைதானத்தில் ஸீபிஸ்கட் என்ற குதிரையின் சிலை நிற்கிறது. 1939-ல் இதே மைதானத்தில் அதன் முன்னங்காலில் தசைநார் அறுந்தது. பொறுமையாக ஓய்வு கொடுத்தார்கள். 1940-ல் திரும்பி வந்து, இங்கே நடக்கும் பெரிய பந்தயத்தில் ஜயித்தது!